மாடித் தோட்டத்தில் மீன் வாசம்

கிண்டி வாசகி: கடல்பாசி உரம் வாங்கி இரண்டு மாதமாகத் தெளிக்கிறேன். கத்தரிச் செடி வெளிறிப்போய்த்தான் நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பாட்டில் ஏமாற்றவில்லை. 'உரம்' என்று சொல்லி விற்ற வாய்தான் ஏமாற்றியிருக்கிறது. கடல்பாசிச் சாற்றில் தழைச்சத்து பேருக்குத்தான் இருக்கும். கொஞ்சம் சாம்பல் சத்து. மற்றபடி ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்பரெல்லின் என்று வளர்ச்சியைத் தூண்டிவிடும் சமாச்சாரங்கள். மத்திய அரசு 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, இந்த மாதிரிச் சரக்குகளை 'உயிர் ஊக்கி' என்று தனி வகையில் சேர்த்துவிட்டது.

உங்கள் தொட்டியில் பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவுதானே? ஈரத்தைப் பிடித்துவைக்கும், சோறு போடாது. பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு டானிக் மட்டும் ஊற்றினால் எப்படித் தேறும்? முதலில் மண்புழு உரம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. அதற்குப் பிறகு கடல்பாசி: லிட்டருக்கு 2, 3 மி.லி., 15 நாளுக்கு ஒரு தரம், வெயில் ஏறுவதற்கு முன் இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி. பூ எடுக்கும் சமயத்தில் அதன் வேலை தெரியும்.

மயிலாப்பூர் மாமி: நாங்கள் சுத்த சைவம். மீன் அமிலம் ஊற்றி வளர்த்த வெண்டைக்காயைச் சாப்பிடலாமோ?

வெண்டைச் செடி எந்தக் காலத்தில் ஆசாரம் பார்த்தது? 6-ம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே, விதையை மீனோடும் பன்றிக் கொழுப்போடும் சேர்த்து விதைக்கச் சொல்லியிருக்கிறது. சுரபாலரின் விருட்சாயுர்வேதத்தில் வரும் குணபஜலம் என்ன தெரியுமா? மாமிசத்தை வேகவைத்து ஊறப்போட்ட கரைசல். அப்படியும் மனசு ஒப்பவில்லையென்றால் கடல்பாசி வாங்குங்கள். அதற்குக் கண்ணும் கிடையாது, முள்ளும் கிடையாது.

சைதாப்பேட்டை வாசகர்: மீன் அமிலத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா? கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் சொல்லவும்.

செய்யலாம். சண்டை வருவதும் வராததும் வெல்லத்தின் கையில் இருக்கிறது.

மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் செவுள், குடல், தலை எல்லாம் கவரில் கட்டி வைத்திருப்பார். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம். அரைக் கிலோவில் முடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வீட்டில்தான் நாற்றம் அடிக்கும். வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பா போதும். கண்ணாடி ஜாடி வேண்டாம், உள்ளே காற்று சேர்ந்து வெடிக்கும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிழலில் 21 நாள் வையுங்கள். அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டு, மறுபடி மூடுங்கள். சரியாக வந்திருந்தால் தேன் பதத்தில், அதிகம் பழுத்த பழத்தின் புளித்த வாசனையோடு இருக்கும். செத்த மீன் வாடை வந்தால் இன்னும் வெல்லம் போட்டு ஒரு வாரம் விடுங்கள். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. தெளிக்கலாம், வேருக்கு ஊற்றினால் 10 வரை தாங்கும். கூடினால் இலை கருகும்.

இந்தப் பக்குவத்தைப் பரப்பியவர் கொரியாவின் சோ ஹான்-கியூ. நம் ஊரில் இயற்கை விவசாயிகள் கையில் வந்து, நம்மாழ்வார் வழி நடப்பவர்களின் தோட்டங்களில் பஞ்சகவ்யத்தோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

கிண்டியிலிருந்து இன்னொருவர்: எங்கள் மொட்டைமாடிக்குத் தேசியப் பூங்காவிலிருந்து குரங்குகள் வருகின்றன. மீன் வாசனைக்கு இன்னும் அதிகமாக வருமா?

குரங்குக்கு மீன் தேவையில்லை, உங்கள் தக்காளிதான் தேவை. டப்பாவைத் தேடி வருவது பூனை, வெல்லத்துக்கு எறும்பு. டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள், எறும்பு ஒழிந்தது. குரங்குக்கு வலை. அதற்கும் அடங்காவிட்டால் பச்சை மிளகாய் மட்டும் பயிரிடுங்கள்.

அடையாறு வாசகர்: பெசன்ட் நகர் கடற்கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து தொட்டியில் போட்டால் காசு மிச்சம்தானே?

அடையாறு எதையெல்லாம் சுமந்துகொண்டு கடலில் கலக்கிறது என்பது அடையாறுவாசிக்கு நான் சொல்ல வேண்டுமா? கீரைக்கும் காய்க்கும் அந்தப் பாசி வேண்டவே வேண்டாம். தவிர, பாசியோடு உப்பும் சேர்ந்து வரும். உங்கள் போர் தண்ணீரும் உப்பு, தென்னைநார்க் கழிவிலும் உப்பு. செடிக்கு ரத்தக் கொதிப்பு இல்லை என்கிற தைரியமா?

வேளச்சேரி மாணவி: கடைக்கு வரும் கடல்பாசிச் சாறு எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. பாட்டிலைப் பார்க்கிறவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் பெண்களைப் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் 'கப்பாபைகஸ்' என்கிற பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. பவநகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. பிறகு 2000-களின் தொடக்கத்தில், நம்புங்கள், குளிர்பானக் கம்பெனி பெப்சிகோ ராமநாதபுரத்து மகளிர் குழுக்களிடம் ஒப்பந்தம் போட்டுப் பயிரிடவைத்தது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை. கயிற்றில் துண்டு துண்டாக விதைப்பாசி கட்டிக் கடலில் இறக்கினால் 45 நாளில் பல மடங்காக நிற்கும். பாசியைப் பச்சையாகவே அரைத்துப் பிழிந்தால் சாறு செடிக்கு, சக்கை கராஜீனன் என்கிற கெட்டிப்படுத்தும் பொருளுக்கு. அந்த முறைக்குப் பவநகர் நிறுவனம் காப்புரிமையும் வாங்கியது. இஃப்கோவின் 'சாகரிகா' அந்த வழியில் வந்த சரக்குதான்.

மறுபக்கமும் உண்டு. 2008-ல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், இந்த வந்தேறிப் பாசி பவளப்பாறைகள் மேல் படர்ந்து மூச்சை முட்டவைப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்னொரு பக்கம், காலங்காலமாக விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று நாட்டுப் பாசிகளை அள்ளிவரும் பெண்கள். 1986-ல் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வந்ததிலிருந்து அவர்களுக்குக் கெடுபிடி. வெளிநாட்டுப் பாசிக்கு வரவேற்பு, உள்ளூர்ப் பெண்ணுக்கு வழக்கு என்றால் எனக்கு ஜீரணமாகவில்லை.

தி.நகர் வாசகர்: மீனை உரமாகப் போடுவது இப்போது வந்த ஃபேஷனா?

உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து ஃபேஷன். மலபார்க் கரையில் மத்தி அளவுக்கு மீறிக் கிடைத்தால் மணலில் காயப்போட்டு, தென்னைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் எருவாக அனுப்புவார்கள். மணலும் எடையில் சேர்ந்துவிடும். மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்ட ஃபிரெடரிக் நிக்கல்சன்தான், முதலில் எண்ணெயைப் பிழிந்து மிச்சத்தைச் சுத்தமான எருவாக்கக் கற்றுக்கொடுத்தார்.

சின்னமலை வாசகி: இறால் ஓட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

போடாதீர்கள். உப்பு போக அலசி, காயவைத்து, நொறுக்கி மண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்தில் புதையுங்கள். ஓட்டில் இருக்கும் கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். நூற்புழுவின் முட்டை உறையிலும் கைட்டின் உண்டு. அதையும் ஒரு கை பார்த்துவிடும். தக்காளி வேரில் முடிச்சு விழுந்து நொந்தவர்கள் அவசியம் செய்யலாம். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்குப் பக்கத்திலேயே கிண்டி தொழிற்பேட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. மாடித்தோட்ட வகுப்பு எப்போது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஆலந்தூர் வாசகர்: தென்னைக்குக் கல்லுப்பு போட்டார் அப்பா. அதே உப்பை என் ரோஜாவுக்குப் போடலாமா?

அப்பா சரி. தென்னைக்குக் குளோரைடு அவசியம் வேண்டும், உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளும். ரோஜாவுக்குப் போட்டால் அடுத்த கேள்வி 'செத்த செடியின் தொட்டியை என்ன செய்வது' என்று வரும்.