மாட்டிக்கொண்டது உராய்வு

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை எங்கே வெடித்தாலும் குற்றவாளி ஒருவன்தான்: உராய்வு. 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு' என்று சொல்லாத விபத்துச் செய்தி அபூர்வம். பாவம், உராய்வுக்கு வக்கீல் கிடையாது, முன்ஜாமீன் கிடையாது, கட்சிக்கு நன்கொடை கொடுக்கும் பழக்கமும் கிடையாது. துணைக்கு ஒரு போர்மேனைக் கைது செய்தால் வழக்கு களைகட்டிவிடும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாதென்பது விதி. மரத்தடிக்கு விதி கிடையாதே! மிச்சப் பேர் அங்கே உட்கார்ந்து திரி செருகுவார்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அங்கிருந்த பட்டாசு ஆலையின் உரிமத்தை நிறுத்திவைத்திருந்தார்கள்; வேலையை யாரும் நிறுத்தவில்லை. தீபாவளி ஆர்டரை வைத்துக்கொண்டு காகிதத்துக்கெல்லாம் பயப்பட முடியுமா? முதலில் வெடித்த சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துச் சனம் ஓடிவந்தது. மறுபடி வெடித்தது. செத்தவர்கள் நாற்பது பேரை ஒட்டி. அதில் பலர் அங்கே கூலிக்குப் போனவர்களே இல்லை. 'வேடிக்கை பார்க்க வந்தவர்கள்' என்று எழுதி முடித்தோம். உள்ளே கிடப்பவர்களைத் தூக்க ஓடியவனுக்கும் அதே பட்டம். நிறுத்திவைத்த ஆலை ஓடுவதை உண்மையிலேயே வேடிக்கை பார்த்தவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கு மேல் சாவு. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் பலபேர் உள்குத்தகையில். உடனே விலைப்பட்டியல் வந்தது: செத்தால் மாநிலம் 3 லட்சம், மத்திய அரசு 2 லட்சம். பலத்த காயமென்றால் 1 லட்சம், 50 ஆயிரம்.

செத்தவர் கணக்கு அத்தோடு முடிந்தது. பிழைத்தவள் கணக்கை யார் பார்ப்பது? வெந்த கழுத்துத் தோல் சுருங்கி, முகவாயை நெஞ்சுக்கு இழுக்கும். ஒட்டிப்போன விரல்களால் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது; மகள்தான் மாட்டிவிட வேண்டும். கண்ணீர் சிந்திய அமைச்சர்கள் திரும்பிப்போன பிறகு, ஒட்டிய விரல்களைப் பிரிக்கும் அறுவைச் சிகிச்சைக்கு மதுரைக்குப் பஸ் ஏறுவாள். அன்றைக்குக் கூலி போச்சு. இவளுக்கு மட்டுமில்லை, கூட வரும் மகளுக்கும்.

ரேஷன் கடைக் கருவியில் விரலை வைத்தால் ரேகை விழாது. வெந்துபோன விரலில் ரேகை ஏது? "ஆபீசுல போய் ஒரு மனு எழுதிக் குடும்மா" என்பார்கள். எந்தக் கையால் எழுத என்று கேட்டுவிட்டால், இந்தப் பொம்பளைக்கு வாய் ரொம்ப நீளம்!