கொட்டாயில கட்டுற காரு

வா மாப்ள, வா. அந்த மூட்டை மேல உக்காராத, வெதை மல்லாட்டை. இப்படித் திண்ணையில குந்து. கையில இன்னா பளபளன்னு புஸ்தகம்? காரு படமா? கரண்டு காரா! உங்க அக்கா நேத்தே வந்து சொல்லிட்டா, "தம்பி அட்வான்ஸ் கட்டிட்டு வந்துட்டான் மாமா"ன்னு. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் பெரிய மனுஷன் மாதிரி யோசிச்சு சொல்லியிருப்பேன். கட்டிட்டு வந்து கேக்குறவனுக்கு புத்தி சொல்றது, மாட்டை ஓட்டினு வந்த பொறவு சுழி பாக்குற கதை. ஆனாலும் தாய்மாமன் ஆச்சே, சொல்லாம வுட்டா மரியாதை இல்ல.

மொதல்ல அதுல மைலேஜு இன்னா போட்டிருக்கான், படி. 300-க்கு மேலயா? நல்லா இருக்கு.

நான் சின்னப் பையனா இருக்கும்போது அவலூர்பேட்டை சந்தையில எங்கப்பனுக்கு ஒரு தரகன் பசு புடிச்சுக் குடுத்தான். துண்டுக்குள்ள கையை வுட்டு வெரலை அமுக்கி வெலை பேசினான். "வேளைக்கு 6 லிட்டரு. ஒரு சொட்டு குறைஞ்சா மீசையை எடுத்துடுறேன்." வூட்டுக்கு ஓட்டினு வந்து கறந்தா நாலைத் தாண்டல. எங்கப்பன் தடியைத் தூக்கினு போய் நின்னாரு. தரகன் அலட்டிக்கவே இல்ல. "நான் வெச்ச புண்ணாக்கை வெச்சியா? நான் கறந்த நேரத்துல கறந்தியா? மாடு உன் மூஞ்சியைப் பாத்து பயந்திருக்கும்"னான். காரு கம்பெனிக்காரன் கணக்கும் அந்தத் தரகன் கணக்குதான். சோதனைக்கூடத்துல வண்டியை உருளை மேல ஏத்தி, ஏசியை அணைச்சுட்டு, பதமா ஓட்டி எடுக்குற நம்பரு அது. 2022-ல டியாகோ ஈவி வந்துச்சே, 24 யூனிட் பேட்டரிக்கு 315 கிலோமீட்டருன்னு சொன்னாங்க. பொய் இல்ல, அந்த உருளை மேல ஓடும். நீ உருளை மேலயா ஓட்டப்போற? ஏசி போட்டு, பொண்டாட்டி, புள்ளைங்க, மாமியாரு, மாமியாரு குடுத்தனுப்புற அரிசி சிப்பம் எல்லாத்தையும் ஏத்திக்கினு திண்டிவனம் ரோட்ல நூறுல அழுத்துவே. மூணுல ஒரு பங்கைத் தரகனுக்குன்னு தள்ளிடு. மிச்சம் இருக்குறதுதான் உன் மாடு கறக்குற பாலு.

அண்ணாமலையார் தீபத்துக்கே 3500 கிலோ நெய் ஏத்தினாத்தான் 11 நாளு எரியுது. மலை மேல எரியுற ஜோதிக்கே அளவு இருக்கும்போது, உன் காரு மட்டும் காத்தைக் குடிச்சு ஓடுமா?

சிரிக்கிறியா? போன தை மாசம் என் சின்ன மருமவப்புள்ளை இப்படித்தான் சிரிச்சுது. அதுவும் ஒரு கரண்டு காரு வெச்சிருக்கு. மெட்ராஸ்ல ஒரு கல்யாணம், "வாங்க மாமா, சொய்ங்குனு போயிடலாம்"னு ஏத்துச்சு. இங்கிருந்து மெட்ராஸு 170 கிலோமீட்டரு பக்கம். ராத்திரி சார்ஜு போட மறந்துட்டு, பாதி வயித்தோட கெளம்பியிருக்கு. செஞ்சிக் கோட்டை தாண்டும்போதே புள்ளை மூஞ்சியில ஈயாடல. ஏசியை அணைச்சுட்டான். அப்பால ரேடியோவை அணைச்சான். எனக்கு உள்ள ஒரு சந்தேகம், அடுத்து என்னை எறக்கி வுட்டுடுவானோன்னு. எடை குறையும் பாரு!

ஒருவழியா ஒரு ஓட்டல் வாசல்ல சார்ஜ் போடுற மிஷினு ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு மேல சாக்கு போத்தி வெச்சிருந்தான், ரிப்பேராம். இன்னொண்ணுக்கு அடியில நெழலுக்கு ஒரு நாய் சுருண்டு படுத்திருந்துச்சு. நாயை எழுப்பி, யானைத் தும்பிக்கை மாதிரி அந்தக் கனத்த ஒயரைத் தூக்கிக் காருல சொருகினா, மிஷினு கேக்குது ஆப்பு எங்கேன்னு. ஆப்பை எறக்கினா, அதுல முன்பணம் போடுன்னுது. பணம் போட்டா, ஓடிபி வரணும். ஓடிபி வரணும்னா டவரு வரணும். புள்ளை போனைத் தலைக்கு மேல தூக்கினு ரோட்டு ஓரமா நடக்குறான், மழைக்கு வேண்டிக்கிறவன் மாதிரி. டீக்கடைக்காரன் என் காதுல சொன்னான், "பெரியவரே, தெனம் நாலு பேரு இப்படித்தான் நடக்குறாங்க, அவங்களாலதான் என் கடை ஓடுது."

அப்பாலதான் சார்ஜு ஏற ஆரம்பிச்சுது. நான் மடியில அவிச்ச மல்லாட்டை கட்டினு போயிருந்தேன். ஒண்ணொண்ணா உரிச்சுத் தின்னுக்கினே மிஷினைப் பாத்தேன். மள மளன்னு எகிறுச்சு, 30, 40, 60. 80-க்கு வந்ததும் படுத்துக்குச்சு. ஒரு நம்பரு ஏற நான் பத்துக் காய் உரிக்கிறேன். மருமவப்புள்ளை மிஷினு கெட்டுப்போச்சுன்னு ஓட்டல்காரனோட மல்லுக்கு நிக்குது. அட, பந்தியில பாத்ததில்லையா? மொத மூணு சோறு லபக்கு லபக்குன்னு போவும், மோருக்கு வரும்போது மனுஷன் மூச்சு வாங்குவான். பேட்டரியும் அப்படித்தான். கடைசி அஞ்சுல ஒரு பங்கை அவசரமாத் திணிச்சா உள்ள சூடேறிக் கெட்டுப்போவும்னு அதுவே வாயைக் குறுக்கிக்குது. வழியில 80 வந்ததும் புடுங்கிட்டுக் கெளம்பறவன் புத்திசாலி. 100 வரட்டும்னு குந்தியிருக்குறவன் பின்னாடி நிக்கிற நாலு காருக்காரன் வாயில வுழுவான். முகூர்த்தத்துக்குப் போன நாங்க மொய் எழுதத்தான் போய்ச் சேந்தோம்.

அதனால ரோட்ல சார்ஜு போடுறதைப் பத்தி என்கிட்ட பெருமை பேசாத. மாட்டுக்கு வழியில தண்ணி காட்டலாம், தீனி வூட்டுலதான். வெளி மிஷின்ல யூனிட்டு 20 ரூபா பக்கம் வந்துடும், வூட்டுல அதுல பாதிகூட ஆவாது. நீ தெனம் திருவண்ணாமலை ஆபீசுக்குப் போய்வர 40 கிலோமீட்டரு. ஆறு, ஏழு யூனிட்டு. பெட்ரோலுன்னா 250 ரூபா ஆவுற தூரம் கரண்டுல 60-க்குள்ள முடியும். இதை நான் ஒத்துக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டியும் 2019-லேர்ந்து 5 பர்சென்ட்டுதான். ஆயில் மாத்த வேணாம், கிளட்ச் தேயாது, கியரு இல்ல. எல்லாம் சரி.

எங்க சொருவுவே? அதைச் சொல்லு.

நம்ம மோட்டாரு கொட்டாயிலயா! அட என் சிங்கமே. இதுக்குத்தான் திண்ணைக்கு வந்தியா? நான் அப்பவே நெனைச்சேன், மாமன் மேல திடீர்னு பாசம் பொங்குதேன்னு. 1990-ல கலைஞர் வெவசாயிங்க எல்லாருக்கும் பம்புசெட்டு கரண்டு இலவசம்னு குடுத்தது நெல்லு நனையறதுக்கு மாப்ள, நீ பவுசா போறதுக்கு இல்ல. வெவசாய லைன்ல காரு சொருவினா மின்சாரச் சட்டத்துல அதுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. அபராதம் போட்டா நீ பெட்ரோல்ல மிச்சம் புடிச்சது மொத்தமும் ஒரே ரசீதுல போயிடும். போதாக்குறைக்கு உன் காருக்கு நாத்து கலர்ல பச்சை நம்பர் பிளேட்டு வேற. கயினி நடுவுல அதை நிறுத்தினா பயிரோட பயிரா மறைஞ்சுடும்னு பாத்தியா? லைன்மேனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.

வூட்டு லைன்லதான் போடணும். போடு, யாரு வேணாம்னா? கணக்கை மட்டும் தெரிஞ்சுக்க. அந்த 15 ஆம்ஸ் பிளக்குல காரு இழுக்குறது 3.3 கிலோவாட்டு. நம்ம 5 எச்பி மோட்டாரு 3.7. அப்படின்னா ராத்திரி முழுக்க உன் வூட்டுத் தாழ்வாரத்துல ஒரு பம்புசெட்டு ஓடுதுன்னு வெச்சுக்க, தண்ணிதான் வராது. உங்கப்பன் காலத்து ஒயரு, டிவி பொட்டிக்கும் மிக்சிக்கும் இழுத்தது, அது எட்டு மணி நேரம் இந்தப் பாரத்தைத் தாங்குமா? சுவிட்சுப் பொட்டி கருகி நாத்தம் அடிச்சாத்தான் உனக்குத் தெரியும். மெயின்லேர்ந்து தனியா தடி ஒயரு, தனி எம்சிபி. இதுல கஞ்சத்தனம் பண்ணாத.

இன்னொண்ணு, எர்த்து. இதுதான் ஊருல பாதிப் பேரைக் கவுக்குது. ஃபேனு எர்த்து இல்லாமயே சுத்தும், பல்பு எரியும், யாரும் கேக்குறதில்ல. இந்தக் காரு சார்ஜரு அப்படி இல்ல, புது மருமவ மாதிரி. எல்லாம் முறையா இருந்தாத்தான் வாயைத் தொறக்கும். எர்த்து சரியில்லன்னா செவப்பு வெளக்கைப் போட்டுக்கினு அடம் புடிக்கும். கம்பெனிக்காரன் வருவான், காரைப் பாப்பான், சார்ஜரைப் பாப்பான், "எங்க மேல தப்பு இல்ல"ன்னு டீயைக் குடிச்சுட்டுப் போவான். குழி தோண்டி, குழாயை எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திக் கொட்டி மூடணும். சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சா எர்த்து செத்துடும். வாரத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தணும். பத்து லட்ச ரூபா காரு, ஒரு கொடம் தண்ணிக்குக் கட்டுப்பட்டது!

ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. மொத 100 யூனிட்டு சும்மா. உங்க வூட்டுக்கு இப்ப 250 ஆவுதா? காரு 300-க்கு மேல தின்னும். 500-ஐத் தாண்டினா மாமியாரு மொகம் மாறுறாப்பல ரேட்டு மாறிடும். கீழ்ப்படியில கெடைச்ச சலுகை போயிடும், மேல்படி வெலை. அப்பவும் பெட்ரோலைவிட லாபம்தான். ஆனா "கரண்டு பில்லு ஏன் இப்படி வந்துச்சு"ன்னு உன் பொண்டாட்டி மிக்சியை மொறைக்கக் கூடாது பாரு, அதுக்குச் சொல்றேன். கூரை மேல சோலாரு போடுறதா இருந்தா, பிரதமர் சூர்யகர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு. பகல்ல வெயில் இருக்கும்போது உன் காரு ஆபீசு வாசல்ல நிக்கும், அது வேற வெஷயம். கரண்டை ஈபிக்காரன்கிட்ட குடுத்து வெச்சு ராத்திரி வாங்கிக்க வேண்டியதுதான், பாலை சொசைட்டிக்கு ஊத்துற மாதிரி.

பேட்டரியைப் பத்தி ஒரு நாயம். பெரும்பாலும் 8 வருசம், இல்லாட்டி 1,60,000 கிலோமீட்டருன்னு கேரண்டி எழுதித் தரான். அந்தக் காயிதத்தைப் பீரோவுல வெய்யி, கல்யாணப் பத்திரிகையோட போட்டுத் தொலைச்சுடாத. வாங்கும்போது பேட்டரியைக் குளுமை பண்ண உள்ள ஏற்பாடு இருக்கான்னு கேளு. சிலோன்ல 2015 வாக்குல ஜப்பான் நிசான் லீஃப் நெறைய எறக்கினாங்க. அந்த வண்டியில பேட்டரிக்குக் குளுமை ஏற்பாடு கெடையாது. வெயில் ஊருல பேட்டரி சீக்கிரம் கெழடு தட்டுற சாதி. நம்மூரு கத்திரி வெயில் உனக்குத் தெரியாதது இல்ல, பாறை மேல படுத்த ஓணான் எழுந்து ஓடுது.

2024-ல எம்ஜி வின்ட்சர் வந்தப்போ இன்னொரு வித்தை காட்டினாங்க. காரை வாங்கிக்கோ, பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு மூணரை ரூபா வாடகை குடுன்னு. மாட்டை சொந்தமா வாங்கிட்டு அதோட வயித்தை வாடகைக்கு எடுக்குறது, கேட்டியா இந்தக் கதையை! சிரிக்க வேணாம், வாரத்துக்கு மாடு வளக்குற நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் புதுசு இல்ல. கண்ணுக்குட்டி யாருக்குன்னு மொதல்லயே பேசிக்கணும், அவ்ளோதான்.

தமிழ்நாடு பூரா இப்ப இந்தப் பேச்சுதான். போச்சம்பள்ளியில கரண்டு ஸ்கூட்டர் செய்யுறான், ஓசூர்லயும் செய்யுறான். தூத்துக்குடியில வியட்நாம்காரன் வின்ஃபாஸ்ட்டு 2025 ஆகஸ்ட்ல தொழிற்சாலையைத் தொறந்துட்டான். ஆனாலும் 2024-ல நாடு முழுக்க வித்த காருல நூத்துக்கு ரெண்டு, ரெண்டரைதான் கரண்டு காரு. மீதி எல்லாம் பெட்ரோலு, டீசலு, காஸு. நீ அந்த ரெண்டுல ஒருத்தனாப் போறே. ஊரு முழுக்க வந்து "பாட்டரி தீந்தா தள்ளணுமா?"ன்னு கேக்கும். பொறுமையா பதில் சொல்லு. எங்கப்பன் கவலை மாட்டை வுட்டுட்டு ஆயில் இன்ஜின் வாங்கினப்பவும் இதே ஜனம் இதே மாதிரி நின்னு கேட்டுச்சு.

உண்மையைச் சொல்லட்டா? இந்தக் காரு மெட்ராஸு அடுக்குமாடிக்காரனைவிட நமக்குத்தான் ஒத்து வரும். அவன் நாலாவது மாடியில குந்தினு, கீழ சார்ஜு போட ஒரு பிளக்கு வெக்க சங்கத்துல மனு குடுத்துட்டு ஆறு மாசம் அலையணும். நமக்கு வாசல் சொந்தம், மீட்டரு சொந்தம். ஆனா உனக்கு வாசல் இருக்கா? இல்ல. உன் தெருவுல மாட்டுவண்டி நுழைஞ்சா கோழி வெளிய வரணும். ஜன்னல் வழியா ஒயரைப் போட்டு, தெரு நடுவுல கெடக்க, பசங்க தடுக்கி வுழ, மழை வந்தா குடை புடிப்பியா?

அதான் யோசிச்சேன். என் மாட்டுக் கொட்டாயி சும்மாத்தானே கெடக்கு. எருதுங்களை வித்து மூணு வருசம் ஆச்சு. ஓடு நல்லா இருக்கு, தரை சிமிட்டி, மழை அடிக்காது. என் வூட்டு மீட்டருக்கும் அதுக்கும் பத்தடி. உன் பேருல தனி மீட்டரு வாங்கிக்க, உன் பில்லு உன்னோட. முட்டு வெக்காத, பழைய முளைக்குச்சியைப் புடுங்காத, எம்மாடுங்க கட்டியிருந்த எடம்.

வாடகையா? சீ, தாய்மாமன்கிட்ட வாடகை பேசுறியா? மாசத்துக்கு ஒரு பௌர்ணமி. சாயங்காலம் என்னையும் உங்க அத்தையையும் கிரிவலத்துக்குக் கூட்டினு போய் எறக்கி வுட்டுட்டு, 14 கிலோமீட்டரு நடந்து வர்ற வரைக்கும் காத்திருந்து கூட்டினு வா. அதுக்கு உன் பேட்டரி தாராளமாத் தாங்கும், நான் கணக்கு போட்டுட்டேன். ஏசி போட்டே போலாம்.

சரி, எழுந்திரு. எலக்ட்ரீஷியனை நாளைக்கே வரச் சொல்லு. கடைப்பக்கம் போனா பத்து கிலோ கல்லுப்பு வாங்கினு வா. கரி நம்ம வூட்டுல இருக்கு.