பால் முந்தியா, டிகாஷன் முந்தியா: ஓர் ஆய்வு

தமிழர் வாழ்வில் தேநீர் இன்றியமையாத இடம் பெறுகிறது. ஆய்வேடு என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு, தொடங்கியாயிற்று.

ஆய்வுக் களம் தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை. நீளம் எட்டடி, அகலம் ஆறடி. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் ஆய்வாளர் வெளியேற வேண்டியிருக்கும். கால எல்லை, பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்கள். முதன்மைத் தகவலாளர் என் மாமனார். குன்னூரில் பிறந்து, மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துணைமைத் தகவலாளர் மாமியார். காப்பி மட்டுமே குடிப்பவர் என்பதால் நடுநிலையாளராகக் கொள்ளப்பட்டார். நெறியாளர் என் மனைவி. அந்தப் பதவிக்கு இவ்வளவு பொருத்தமான ஆளை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

ஆய்வுச் சிக்கல் பொங்கலன்று சாயங்காலம் எழுந்தது. மாமனார் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாலை மொதல்ல ஊத்திட்டு அது மேல டிகாஷன் விட்டிருக்கே. டிகாஷன் மேல பால் விட்டாத்தாம்மா டீ."

"ரெண்டும் வயித்துக்குள்ள போய் ஒண்ணாத்தானப்பா ஆகப்போகுது?"

"அதெப்படி? ஒரு மடக்குல சொல்லிருவேன், எது முந்தி எது பிந்தின்னு. மாப்பிள்ளையை வேணா சோதிச்சுப் பார்க்கச் சொல்லு."

கருதுகோள் இவ்வாறு பிறந்தது. பாலிலேயே தூளைப் போட்டுக் கொதிக்கவிடும் வீடுகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. அங்கே இந்தச் சண்டைக்கே வழியில்லை; அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இயல் 1: சொல்லாராய்ச்சி

"தேயுற இலை, அதான் தேயிலை" என்பது மாமனாரின் வேர்ச்சொல் விளக்கம். இலை எங்கே தேய்கிறது என்று கேட்டேன். "இலை தேயாது மாப்பிள்ளை, பறிக்கிற கைதான் தேயும்" என்றார். மொழியியல் இதை ஏற்காது. சீனத்தின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் இந்தச் செடிக்குத் 'தே' என்று பெயர். டச்சுக்காரர்களின் கப்பல் வழியே மேற்கே போன அந்தச் சொல்தான் டீயானது. நம்முடைய தேயிலையில் இருப்பதும் அதே 'தே'. சீனத்தின் பிற பகுதிகளில் 'சா' என்றார்கள். சாயாவும் சாயும் அந்தக் கிளை. எழுதினால் இரண்டுக்கும் ஒரே சீன எழுத்துத்தான். மலையாளி சாயா கேட்பதும், யாழ்ப்பாணத்தார் தேத்தண்ணி கேட்பதும், நாம் டீ கேட்பதும் ஒரு எழுத்தை மூன்று விதமாக வாசிப்பதே.

ஆனாலும் மாமனாரின் விளக்கத்தை முழுதாகத் தள்ள மனம் வரவில்லை. அவர் கொண்டுவந்திருந்தது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் பொட்டலம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் அரசு போட்ட தோட்டங்கள்தான் 1976இல் அந்தக் கழகமாயின. ஒரு கடல் தாண்டிப் போய்ப் பறித்தவர்களின் பிள்ளைகள், திரும்பி வந்தும் அதே இலையைப் பறித்தார்கள். மொழியியலில் தோற்ற விளக்கம் வேறொரு இயலில் தேறக்கூடும்.

இயல் 2: முன்னாய்வுகள்

இத்துறையின் மூலவர் லூ யூ. எட்டாம் நூற்றாண்டுச் சீனர். தேநீருக்கென்றே தனி நூல் எழுதினார். தண்ணீரை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: மலையூற்று முதல், ஆற்று நீர் இடை, கிணற்று நீர் கடை. கேன் தண்ணீர் எந்த வகை என்று நூலில் இல்லை. கொதியையும் மூன்றாகப் பிரிக்கிறார். மீன் கண் போலக் குமிழ் எழும்புவது முதற்கொதி. பாத்திரத்தின் ஓரத்தில் முத்துக் கோத்தாற்போல வருவது இரண்டாவது. அலை புரள்வது மூன்றாவது. அதற்குமேல் போன தண்ணீர் கிழடு, குடிக்க லாயக்கில்லை என்கிறார். எங்கள் வீட்டில் நான்காம் கொதி ஒன்றும் உண்டு. அது அடுப்பில் வழிந்த பிறகு நெறியாளர் குரலில் கேட்கும்.

அடுத்தவர் ஜார்ஜ் ஆர்வெல். உலகப்போர் முடிந்து, இங்கிலாந்தில் டீத்தூளுக்கு இன்னும் ரேஷன் இருந்த 1946 ஜனவரியில், நல்ல டீ போட 11 விதிகளை ஒரு செய்தித்தாளில் எழுதினார். டீயை முதலில் ஊற்று, பால் பிறகு என்பது அவற்றில் ஒன்று. தாமே சர்ச்சைக்குரிய விதி என்றும் ஒப்புக்கொண்டார். 2003இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி பிரிட்டனின் வேதியியல் கழகம் பதில் சொன்னது: பால்தான் முதலில். சூடான டீயில் பாலைச் சொட்டினால் பால்புரதம் சட்டென்று வெந்து குணம் மாறுகிறது. பாலின் மேல் டீயை விட்டால் சூடு மெல்ல ஏறுகிறது என்பது வாதம்.

இடையில் 1980இல் பிரிட்டிஷ் தர நிர்ணய அமைப்பு ஆறு பக்கத்துக்கு ஓர் ஆவணம் வெளியிட்டது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம், வெள்ளைப் பீங்கான். ருசி பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி டீ போட்டு ஒப்பிட வேண்டும் என்பதுதான் நோக்கம். இதற்காக அந்த அமைப்புக்கு 1999இல் இக் நோபல் என்னும் கேலிப் பரிசு, அதுவும் இலக்கியப் பிரிவில் கிடைத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெறியாளர் டீ போடும் முறையை எழுத உட்கார்ந்தால் பதினாறு பக்கம் வரும். அதிலே எட்டுப் பக்கம் அடுப்பைத் துடைப்பது.

இயல் 3: ஆய்வுப் பொருள்கள்

அலமாரியைக் காலி செய்ததில் ஐந்து வகை தேறின: தினசரி டஸ்ட், மாமனாரின் நீலகிரி இலைத்தேயிலை, நண்பர் கொடுத்த டார்ஜிலிங் தகர டப்பா, பக்கத்து வீட்டு அக்கா தந்த இலங்கை நுவரெலியா, அலுவலகத்தில் தீபாவளிக்குக் கொடுத்த கிரீன் டீ. ஐந்தும் ஒரே செடி என்பதை மாமியார் கடைசிவரை நம்பவில்லை. பறித்ததும் சூடு காட்டி நிறுத்தினால் பச்சை. வாடவிட்டு, உருட்டி, காற்றுப்பட்டுக் கறுக்க விட்டால் கறுப்பு. பாதியில் நிறுத்தினால் ஊலாங். நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கிறதே, அதேதான்; அங்கே அதைத் தடுக்கத் தண்ணீரில் போடுகிறோம், இங்கே அதற்குக் காசு கொடுக்கிறோம்.

டஸ்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஃபேக்டரித் தரையைப் பெருக்கி அள்ளியது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அபாண்டம். அது சல்லடைக் கணக்கு. இருப்பதிலேயே பொடியான ரகம், அவ்வளவுதான். 1930 வாக்கில் அஸ்ஸாமில் வந்த சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. குருணைக்குப் பரப்பு அதிகம், சாறு உடனே இறங்கும், அடர்த்தியாக இறங்கும். பாலை நன்றாகத் தாங்கக்கூடிய டீ அது. நாயர் கடைப் பாய்லரும் துணிப்பையும் இந்தக் குருணைக்காகவே உண்டானவை போலிருக்கும்.

நீலகிரிப் பொட்டலத்தில் ஆரஞ்சு பெக்கோ என்று போட்டிருந்தது. மாமியார் முகர்ந்து பார்த்தார். "ஆரஞ்சு வாசனையே வரலியே?" வராது. அது இலையின் ரகத்துக்குப் பெயர்; பழத்துக்கும் அதற்கும் உறவில்லை. பெக்கோ என்பது தளிரின் அடியில் படர்ந்த வெள்ளை மயிரைக் குறிக்கும் சீனச் சொல்.

"ஏமாத்து வேலை" என்று நடுநிலையாளர் பதிவு செய்தார்.

இயல் 4: கிரீன் டீ

கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும், 80 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்றார்கள். ஆறவிட்டோம். மறுநாள் காலை பார்த்தோம்.

இயல் 5: வெறுஞ்சாறு

மற்ற நான்கையும் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரிசையாக வைத்தோம். ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கரண்டியால் எடுத்து, சர்ரென்று ஊரே கேட்க உறிஞ்சுவார்கள்; சாறு திவலையாகத் தெறித்து வாய் முழுக்கப் பரவும், மணம் மூக்கின் பின்வாசல் வழியே ஏறும். குன்னூர் ஏல மையத்துக்கு 1963 முதல் அனுப்பப்படும் தேயிலையெல்லாம் விலை போவது இப்படி உறிஞ்சுகிறவர்களின் நாக்கை நம்பித்தான். இதை நான் வாசித்துக் காட்டியதும் மாமனார் மாமியாரை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருஷமாக உறிஞ்சியதற்கு வாங்கிய திட்டெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. இந்த ஆய்வில் யாருக்காவது நீதி கிடைத்தது என்றால் அவருக்குத்தான்.

டார்ஜிலிங் பழவாசனை அடித்தது. இரண்டாம் பருவ இலையை ஒரு தத்துப்பூச்சி கடிக்க, அந்தக் கடியை எதிர்த்துச் செடி சுரப்பதில் வருகிற மணமாம் அது. பூச்சி கடித்த கத்தரிக்காயைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. நுவரெலியா மெலிசு, பொன்னிறம். நீலகிரி தெளிவு, விழுங்கிய பிறகுதான் வாசனை வந்தது. டஸ்ட் நாக்கைக் கவ்விப் பிடித்தது.

இந்தக் கவ்வலுக்கு நமக்குத் தனிச்சொல் இருப்பதைச் சும்மா கடந்துபோக முடியாது. துவர்ப்பு. ஆங்கிலத்தில் நிறையப் பேர் இதையும் கசப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். டீயில் கசப்பது பெருமளவு காஃபின். துவர்ப்பது பாலிஃபீனால்கள், எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டுவதால். துவர்ப்பு சுவையே அல்ல, தொடு உணர்ச்சி என்று விஞ்ஞானிகள் சொல்லக்கூடும். அறுசுவையில் இடம் கொடுத்தவர்கள் நாம். வாழைப்பூ ஆய்ந்த கை நம்முடையது. அவர்களிடம் போய்க் கேட்பானேன்?

பால் ஊற்றியதும் அந்தப் பாலிஃபீனால்களைப் பால்புரதம் பிடித்துக்கொள்கிறது, துவர்ப்பு அடங்குகிறது. டஸ்டுக்கு அது சமாதானம், டார்ஜிலிங்குக்குக் கொலை. "வெந்நீர்ல பால் விட்டாப்ல இருக்கு" என்றார் மாமனார். அந்தத் தகர டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது.

இயல் 6: சோதனை

முறையைப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆராய்ச்சியாளர், பால் முந்தியா டீ முந்தியா என்று குடித்தே சொல்வேன் என்றார். என் மாமனார் சொன்ன அதே சொல். அதைச் சோதிக்க ஃபிஷர் சொன்ன வழி: எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி, கலைத்து வை. எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. எனவே குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான். 1935இல் ஃபிஷர் எழுதிய புள்ளியியல் நூல் இந்தக் கோப்பைகளை வைத்துத்தான் சோதனை முறையை விளக்குகிறது. அம்மையார் ஜெயித்தாரா என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. கூட இருந்தவர் ஒருவர், எட்டும் சரி என்று பிற்பாடு சொன்னதாகக் கதை.

நெறிமுறைக் குழுவாக மாமியார் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். மாமனாருக்கு சுகர். ஆகவே சீனி கூடாது, ஒரு மடக்குக்கு மேலும் கூடாது. எச்சில் பட்டால் மிச்சம் வீணாகும் என்பதால் ஒவ்வொன்றிலிருந்தும் தனி டம்ளரில் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் தீர்மானம்.

எட்டும் ஒரே அச்சில் இருப்பது நடக்காத காரியம், அதனால்தான் குலுக்கிப் போட வேண்டும் என்பது ஃபிஷரின் வாதம். எங்களிடம் இருந்தவை கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தது. அதையே மாதிரிக் குறியீடாக வைத்துக்கொண்டோம். சீட்டுக் குலுக்கிப் போட்டது நெறியாளர். நான் சமையலறைக்குள் இல்லை, ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது.

முடிவு: எட்டில் ஆறு சரி. திண்டிவனம் பெரியப்பா டம்ளரும் மாயவரம் சித்தி டம்ளரும் மாறிப்போயின. ஆறு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஆறோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு 70இல் 17 வாய்ப்பு, ஏறக்குறைய 24 சதவீதம். கருதுகோள் நிலைநாட்டப்படவில்லை.

"திண்டிவனத்தான் டம்ளர்ல எதைக் குடிச்சாலும் வெளங்காது" என்பது தகவலாளரின் மறுப்புரை. இருவருக்கும் 2009இலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இதை ஆய்வின் வரையறையாகக் குறித்துக்கொள்கிறேன்.

இயல் 7: கண்டறிந்தவை

ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் பொறி தட்டியது. வெள்ளைக்காரர்களின் சண்டை முழுக்கக் காய்ச்சாத, குளிர்ந்த பாலை வைத்து. சூடு பட்டால் அந்தப் பாலுக்கு என்ன ஆகும் என்பதுதான் வேதியியல் கழகத்தின் கேள்வி. எங்கள் வீட்டுப் பாலோ காலை ஆறு மணிக்குக் காய்ச்சியது, பத்து மணிக்குக் காய்ச்சியது, மூன்று மணிக்கு ஒரு தரம் பொங்கி வழிந்தது. டம்ளருக்கு வரும்போது அதன் புரதம் வேகவேண்டியதெல்லாம் வெந்து முடித்திருக்கும். ஆர்வெல்லுக்கு எதிராக அந்தக் கழகம் சொன்ன காரணம் தாம்பரத்தில் கிடையாது. பால் காய்ச்சும் நாட்டில் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பை அப்போதே போய் மாமனாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் நெறியாளர், எட்டு டம்ளரிலும் மிஞ்சி ஆறிக் கிடந்ததையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு வடிகட்டிக் கொண்டுவந்து வைத்தார். மாமனார் எடுத்தார். சர்ரென்று உறிஞ்சினார். யாரும் திட்டவில்லை.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை," என்றார், "இது டிகாஷனை மொதல்ல ஊத்துனது."