அடித்தொண்டை அண்ணாச்சி

கொயரில் சோப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும், டெனருக்குக் கைதட்டல் கிடைக்கும், ஆல்ட்டோவுக்கு மாஸ்டரின் அனுதாபமாவது கிடைக்கும். பேஸ் பாடுகிறவருக்கு மிஞ்சுவது அபிப்பிராயம் மட்டும்தான். பாட்டு நெடுக மூன்று சுரத்துக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற மனிதருக்கு யோசிக்க நேரம் நிறைய இருக்கும் அல்லவா? ஸ்பீக்கரை எங்கே வைப்பது, கீபோர்டுக்காரப் பையன் எந்த இடத்தில் அவசரப்பட்டான், சபை ஐயர் பிரசங்கத்தை எந்த வாக்கியத்தில் முடித்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்.

கோவிலம்பாக்கம் பக்கம் பல சபைகளில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஈச்சங்காடு சிக்னல் தொடங்கி மேடவாக்கம் வரை மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலைக்கு இருபுறமும் உள்ள தெருக்களில், நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் அநேகம். ஏரி நிறைந்தால் தண்ணீர் எங்கே வரும் என்று தெரியாமல் மனை வாங்கி, தெரிந்த பிறகு மாடி கட்டியவர்கள். நம்மவரும் அந்தக் கூட்டம்தான். ரயில்வேயிலோ துறைமுகத்திலோ எல்ஐசியிலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். பிள்ளைகளுக்கு 'அங்கிள்', மற்றவர்களுக்கு 'அண்ணாச்சி'. 1893-ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் கொயரைப் பற்றி வாரம் ஒரு முறையாவது பேசுவார். அதில் பாடியதாக அவர் சொன்னதில்லை. பாடவில்லை என்றும் சொன்னதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கொயர் தெற்கே போகும். நோட்டீஸ் போர்டில் 'ஊழியப் பயணம்', வாய்ப்பேச்சில் 'டூர்'. தேதியை மாஸ்டர்தான் குறிக்கிறார் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நம்புவார்கள். எந்த ஊரில் எந்த வாரம் அசனம் என்ற கணக்கு அண்ணாச்சியின் மனதில் இருக்கிறது. தேதி அங்கிருந்துதான் வருகிறது. ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பந்தியைத் தவறவிட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்ப் பாடுவதில் என்ன ஊழியம் இருக்கிறது என்று கமிட்டியில் கேட்பார். கமிட்டியில் யாருக்கும் பதில் தெரியாது; தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் மட்டன் குழம்பு பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் வந்து நின்றதுமே நாலு பார்ட்டும் தொடங்கிவிடும். ரேடியல் ரோட்டில் நேராகப் பல்லாவரம் போய் ஜிஎஸ்டியைப் பிடிக்கலாம் என்று சோப்ரானோ. மேடவாக்கம், செம்பாக்கம், கேம்ப் ரோடு வழியாகப் போனால்தான் எங்கள் ஆட்களை வீட்டு வாசலில் ஏற்ற முடியும் என்று ஆல்ட்டோ. மாம்பாக்கம் சுற்றிக்கொண்டு போய் வண்டலூரில் ஏறினால் நெரிசலே இல்லை என்று டெனர், கையில் கூகுள் மேப்புடன். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அண்ணாச்சி வாய் திறப்பார்.

"எந்த வழியா போனாலும் பரனூர் டோல்கேட்ல நிக்கத்தானடே போறோம்."

பேஸின் இலக்கணமே அதுதான். அதிகம் நகராது, மற்ற மூன்றும் கடைசியில் அதன் மேல்தான் வந்து உட்கார வேண்டும்.

டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட், ஜன்னலோரம். அவர் உட்கார்ந்த பிறகு தன் பையைத் திறப்பதை அருகில் இருந்து பார்க்க வேண்டும். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு மூன்றும் தனித்தனி டப்பாவில். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பனங்கற்கண்டு. வெந்நீர் பிளாஸ்க். மே மாதமானாலும் மஃப்ளர். ஏசி காற்று வரும் ஓட்டையை அடைக்க நாலாக மடித்த தினத்தந்தி. தயிர்சாதப் பொட்டலத்தை யாராவது நீட்டினால் இரண்டு கையாலும் மறுப்பார். "கிடார்காரனுக்குக் கம்பி அறுந்தா கடையில வாங்கிப் போட்டுக்குவான் தம்பி. நமக்குக் கம்பி இங்கே இருக்கு" என்று குரல்வளையைத் தொட்டுக் காட்டுவார்.

இத்தனை பாதுகாப்பும் ஒரே ஒரு சுரத்துக்காக. டூரில் பாடுகிற ஆந்தம் என்ற நாலு பார்ட் பாட்டின் கடைசிக் கார்டில், நாலு குரலும் சேர்ந்து நிற்கும் இடத்தில், பேஸுக்குக் கீழ் ஈ ஃப்ளாட் எழுதியிருக்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய 78 அதிர்வு. சனிக்கிழமைப் பிராக்டிஸ்களில் அந்த இடம் வந்ததும் அண்ணாச்சி மோவாயைச் சட்டைக் காலருக்குள் இறக்குவார், புருவத்தை ஏற்றுவார், வாயைச் சரியான வடிவத்தில் திறப்பார். காற்று வரும். சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவி, அங்கே முதலிலிருந்தே நின்றவர் போலப் பாடி முடிப்பார். மாஸ்டர் அவரைப் பார்ப்பார். அவர் மின்விசிறியைப் பார்ப்பார்.

தாம்பரம் தாண்டியதும் ஐயர் ஜெபம் செய்வார். பிறகு பாமாலை, அதன் பிறகு கீர்த்தனை. ஓடுகிற பஸ்ஸில் பாடுவது தனிக் கலை. எஞ்சின்தான் சுருதி. வண்டி ஒரே வேகத்தில் போகிறவரை எல்லோரும் அதோடு சேர்ந்திருப்பார்கள். டிரைவர் கியரை மாற்றினால் ஆல்ட்டோ மொத்தமும் அவர் பின்னால் போய்விடும். வேகத்தடை வந்தால் டெனரின் நீண்ட சுரத்தில் நினைக்காத கமகம் விழும். பாலாற்றுப் பாலம் வரை தெய்வீகம் தாங்கும். மேல்மருவத்தூரில் ஐயர் தூங்கிப்போவார், அல்லது கண்ணை மூடிக்கொள்வார். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த நல்ல ஐயர்கள் உண்டு. அந்த நிமிஷமே பின்சீட்டில் அந்தாக்ஷரி.

நமது பாதுகாக்கப்பட்ட தொண்டை அங்கேதான் எழுந்து போகிறது. மேற்பார்வைக்காம். திண்டிவனம் வரை கைகட்டி நின்று மேற்பார்வை பார்ப்பார். யாராவது இளையராஜா பாட்டைத் தொட்டால் தீர்ந்தது. எல்லோரும் பாட்டைப் பாடுவார்கள், இவர் அதன் பேஸ் கிடாரைப் பாடுவார். 'டும், டுடும், டும்' என்று பல்லவி முழுக்க. இடையில் நிறுத்தி, ராஜாவுக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரைப் பற்றி ஒரு பிரசங்கம், அடுத்த அறையில் இருந்து கேட்டவர் தோரணையில். உளுந்தூர்ப்பேட்டையில் மஃப்ளர் கழன்றுவிடும். பெரம்பலூரில் டிஎம்எஸ். திருச்சிப் பாலத்தில் சீர்காழி கோவிந்தராஜன், அதுவும் உச்சஸ்தாயியில். விராலிமலை அருகே டீக்கடையில் எல்லோரும் ஏலக்காய் டீ குடிக்கும்போது இவர் ஐஸ் வாட்டர் கேட்பார். "சூடு ஏறிப்போச்சு."

பிறகு தூக்கம். அண்ணாச்சியின் குறட்டை கீழே, சீட்டுக்கு அடியிலிருந்து புறப்படுகிற மாதிரி வரும். மேலூர் பைபாஸில் ஒருநாள் மாஸ்டர் பிட்ச் பைப்பை எடுத்து மெல்ல ஊதிப் பார்த்தார். சுத்தமான ஈ ஃப்ளாட். ஆல்ட்டோ அக்கா ஒருவர் அந்த இருட்டில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதைப் பார்த்தேன்.

கோவில்பட்டியில் விடிகிறது. கடலை மிட்டாய்க்காக வண்டி நிற்கும். புவிசார் குறியீடு வாங்கின சரக்கு என்று அண்ணாச்சி எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல எழுந்திருப்பார். சொல்ல வராது. வாய் அசையும், உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு வரும். கயத்தாறில் மைக் பிடித்து, 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் இதுதான், அதே வருஷம்தான் தெற்கே முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது என்று இரண்டையும் முடிச்சுப்போட்டு அவர் பேசுவது வழக்கம். இந்தத் தடவை கையால் மணல்மேடு, கயிறு, கோபுரம் என்று காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கொயர் பூராவும் கவலைப்படும். மாஸ்டர் மட்டும் யோசனையில் இருப்பார்.

தெற்கே பாடப் போவதில் ஓர் ஆபத்து உண்டு. சென்னையில் கொயர் பாடினால் சபை கேட்கும். பாளையங்கோட்டைப் பக்கம் கொயர் பாடினால் சபை திருத்தும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய டானிக் சோல்ஃபா, மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக வந்து இங்கே வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி, புத்தகம் இல்லாமலே ஆல்ட்டோ எடுப்பார். கோவிலம்பாக்கத்தில் அண்ணாச்சி ஒருவர்தான் பேஸ். இங்கே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவர்கூட பேஸ். பஸ் ஊசிக்கோபுரத்தைக் கடக்கும்போது, 1826-ல் பிரதிஷ்டையான கோயில் என்று வழக்கமாகச் சொல்கிறவர், இந்தத் தடவை வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டு டையைச் சரிசெய்துகொள்கிறார். திருநெல்வேலி வெயிலில் கோட்டும் டையும் போடச் சொன்னது கமிட்டியில் அவரேதான்.

நிகழ்ச்சியில் முதலில் கீர்த்தனை. வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சொந்த ஊர்ப் புலவனுக்கு முதல் மரியாதை. ஆனால் கீர்த்தனையில் பேஸுக்கு வேலை கிடையாது. ராகத்துக்கு நாலு பார்ட் எழுத ஆரம்பித்தால் ராகம் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். அதனால் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள், அண்ணாச்சி ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு சுருதிப் பெட்டியாக நிற்பார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் மனம் வந்ததில்லை.

கடைசியில் ஆந்தம். மூன்றாம் பெஞ்சில் ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர், கைத்தடியின் மேல் மோவாயை ஊன்றியபடி. அந்த மாதிரி ஒருவர் அந்த ஊரில் எந்தக் கோயிலிலும் மூன்றாம் பெஞ்சில் இருப்பார். கடைசிக் கார்டு வந்தது. காலருக்குள் மோவாய் இறங்கியது, புருவம் ஏறியது, வாய் திறந்தது. காற்று வரவில்லை. ஈ ஃப்ளாட் வந்தது! பெஞ்சுப் பலகைகள் லேசாக அதிர்ந்தன. சோப்ரானோப் பிள்ளைகள் இரண்டு பேர் பயந்து திரும்பிப் பார்த்துச் சுரத்தை விட்டார்கள். இதில் அற்புதம் ஒன்றும் கிடையாது. ராத்திரி முழுக்கக் கத்தினால் குரல்நாண் வீங்கும், வீங்கினால் கனக்கும், கனத்தால் மெதுவாக அதிரும், சுரம் கீழே இறங்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதை வியாதி என்பார்கள். எங்கள் மாஸ்டர் அன்றைக்கு இதை ஆசீர்வாதம் என்றார்.

முடிந்ததும் வாத்தியார் மெல்ல எழுந்து வந்தார். "யாருடே அது பேஸு? அடி நல்லா இருக்கே."

அண்ணாச்சி இந்த ஒரு கேள்விக்காகவே பணி ஓய்வு பெற்றவர். எந்த வாத்தியாரிடம் படித்தேன், எந்தத் தெருவில் பிறந்தேன் என்று பதிலெல்லாம் எப்போதோ தயார். வாயைத் திறந்தார். கரகரவென்று ஏதோ வந்தது. வாத்தியார் காதில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற டெனரைப் பார்த்தார். டெனர் பணிவாகத் தலைகுனிந்தான்.

"நீ டெனருல்லா. கடைசியில கீச்சுன்னுச்சே, அது நீதானே?"

அன்று ராத்திரி நாசரேத்தில் தங்கல். மறுநாள் காலை மெஞ்ஞானபுரம் தாண்டி ஒரு கிராமத்தில் ஆராதனை, பிறகு அசனம். மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கும் ஒரு அந்தாக்ஷரி வெச்சா நல்லா இருக்கும்." அண்ணாச்சி முறைத்தார். ஒரு ஊரே பாராட்டின தொண்டையை இனி அப்படி விட முடியுமா? சித்தரத்தை வாயில் போனது. அதிமதுரம் வெந்நீரில் இறங்கியது. மிளகு, பனங்கற்கண்டு, மஃப்ளர், மௌனம். எட்டு மணிக்கே படுத்துவிட்டார். இத்தனை வருஷமாக ஒன்றும் செய்யாத அந்த மருந்தெல்லாம் அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது.

காலையில் எழுந்து, "என்ன மாஸ்டர், கிளம்பலாமா?" என்று கணீரென்று கேட்டார். மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்ததும் பஸ் மைக்கைப் பிடித்து, வேல்ஸ் தேசத்து ஜான் தாமஸ் ஐயர் அந்தப் பொட்டல் மண்ணில் அதை எழுப்பின கதையை ஓர் எழுத்துப் பிசிறாமல் சொன்னார். ஆராதனையில் ஆந்தத்தின் கடைசிக் கார்டு வந்தது. காற்று. ஒரு ஸ்தாயி மேலே தாவல். அந்தக் கிராமத்துக் கோயிலில் மின்விசிறி இல்லாததால் சர விளக்கைப் பார்த்தார். அசனத்தில் மூன்றாவது தடவை குழம்பு வாங்கும்போதும் அவர் குரல் எட்டு ஊருக்குக் கேட்டது.

திரும்புகிற பஸ்ஸில் இசைக்கு இடம் இல்லை. பைல்களையெல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு முதலூர் மஸ்கோத் அல்வா, கருப்பட்டி, சாத்தூர் சேவு, ஒரு வாழைத்தார் எல்லாம் மேலே ஏறிவிட்டன. இனிக் காப்பாற்ற வேண்டிய தொண்டை எதுவும் இல்லை என்று விருதுநகரிலேயே அந்தாக்ஷரி தொடங்கியது. சீர்காழி இந்த முறை திருச்சிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிகாலை. தடுப்புகளுக்கு இடையே பெரிய வண்டி நுழையாது என்று டிரைவர் ஈச்சங்காடு சிக்னலிலேயே இறக்கிவிட்டார். அண்ணாச்சி வாழைத்தாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, "கோவிலம்பாக்கம் உள்ள போகணும், எவ்வளவு தம்பி?" என்றார். கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

ஆட்டோக்காரர் சற்றே உள்ளே நகர்ந்துகொண்டார். "சளி ஜாஸ்தியா சார்? கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க."

"சளி இல்ல தம்பி" என்றார் அண்ணாச்சி, கம்பீரமாக. "இது ஈ ஃப்ளாட்."

"எந்த ஃப்ளாட்டா இருந்தாலும் நூத்தம்பது சார். வாழைத்தாருக்கு இருபது தனி."