கடார தேசத்தில் கனப்பொருள் பெயர்ச்சி: பழைய எஞ்சினை முன்வைத்து ஓர் ஆய்வு

பீடோங் வட்டாரத்தில் இரும்பை இடம்பெயர்ப்பது நேற்று வந்த வழக்கமல்ல. பக்கத்துச் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியெடுத்த உலைகளும் ஊதுகுழாய்களும் பழங்காலத்து இரும்புத் தொழிலுக்குச் சான்று. 1025-இல் கடாரத்தரசனை வென்ற இராசேந்திர சோழன் கவர்ந்தவற்றுள் வித்தியாதர தோரணமும் ஒன்று. அதை எத்தனை பேர் தூக்கினார்கள், அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. இக்குறையை நீக்க முற்பட்ட ஆய்வாளர், தோரணம் கைவசம் இல்லாததால், புரோட்டோன் வீராவுக்கு வாங்கிய 4ஜி93 எஞ்சினை ஆய்வுப்பொருளாகக் கொண்டார்.

இதன் பூர்வீகம் ஜப்பான். அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டில் கட்டாயச் சோதனை, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. செலவு கட்டுப்படியாகாதவர்கள் காரைக் கழித்துவிடுகிறார்கள். முன்பாதி வெட்டுண்டு, உதிரிபாகம் என்ற பெயரில் கப்பலேறி, இங்கே ஹாஃப்கட் ஆகிறது.

வாங்குவதில் இரு மரபுகள் உள. கடை முதலாளியான தவுக்கேயின் மரபில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின். பட்டறைப் போமன் மரபு கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டித் திருப்பிப் பார்த்த பிறகே பேசும். எண்ணெய் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்க்கும். தே தாரிக் நிறத்தில் நுரை படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும், திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் விலையில் சேர்ந்ததா என்று கேட்காமல் வந்தவர்களின் சரித்திரம் சோகமானது.

இனி எடை. கியர்பாக்ஸோடு நூறு கிலோவைத் தாண்டும் என்பது தராசின் கருத்து. கடையில் செயின் பிளாக்கில் தொங்கும்போது ஒரு பையன் ஒற்றைக் கையால் அதைத் தள்ளி வேனுக்குள் இறக்குகிறான். தோட்டத்து வீட்டு வாசலில் செயின் பிளாக் கிடையாது. இரும்புக் கம்பைச் சங்கிலியில் நுழைத்துத் தோளில் ஏற்ற வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிப் பழகியவர்களே அங்கே முனகுகிறார்கள். தூக்குவோரில் ஒருவர் யோசனை சொல்லத் தொடங்கியதும் கனம் இன்னும் கூடுகிறது. திசை காட்ட ஒரு கை தேவைப்படுவதால் அவர் பிடியை விட்டுவிடுகிறார் என்பதே காரணம். "மாமா, சொன்னது போதும், புடிங்க!" என்ற குரல் கள ஆய்வில் பதிவாகியுள்ளது.

இறக்குமிடத்தில் பழைய டயர் ஒன்று தயாராகக் கிடக்க வேண்டும். வெறுந்தரையில் வைத்தால் அடியிலுள்ள சம்ப் நசுங்கும். உள்ளே எண்ணெய் உறிஞ்சும் வலை அடைபட்டால் எஞ்சின் காய்ந்தே ஓடிச் சாகும். ஆயினும் "டயர் எங்கடா?" என்ற கேள்வி எஞ்சின் அந்தரத்தில் இருக்கும்போதுதான் எழுகிறது. விதிவிலக்கு காணப்படவில்லை. சம்பில் மிச்சமிருந்த எண்ணெய் வேன் தரையில் வழிந்திருப்பதும் அப்போதே தெரியவரும். வேன் மைத்துனருடையது.

சாப்பாட்டுக் கணக்கில் ஆய்வாளருக்குச் சிக்கல் உண்டு. தூக்கியவர்களைவிடச் சாப்பிட்டவர்கள் அதிகம். பார்த்தவர்களும் பங்காளிகளே என்பது ஊர் நியாயம். கோழிக்கறி, ஐஸ், சிகரெட், வேனுக்குப் பெட்ரோல் எல்லாம் கூட்டியதில், தவுக்கேயிடம் வாய் வலிக்கப் பேசிக் குறைத்த வெள்ளி முழுவதும் அன்றைக்கே கரைந்தது. பிறகு புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜேயில் எஞ்சின் எண் மாற்றம் என்று தாள் வேலைகள் தொடர்கின்றன. அவற்றுக்குத் தோள் கொடுக்க யாரும் வருவதில்லை.

கழற்றிப் போட்ட பழைய எஞ்சினை அப்புறப்படுத்துவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வீட்டம்மா இதை ஏற்கவில்லை.