21 கியரும் ஒரு ஆர்வலரும்

படாளத்தில் ஒரு சைக்கிள் ஆர்வலர் இருக்கிறார். சைக்கிளின் நன்மைகளைப் பற்றி அரை மணி நேரம் நிற்காமல் பேசுவார். அரை கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டச் சொன்னால் முழங்காலைப் பிடித்துக்கொள்வார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் ஊருக்கு நான்.

இந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. 2021 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலமைச்சர் ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார். வழியில் ஒரு கடையில் டீ குடித்தார். அப்போது அவருக்கு 68 வயது. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வயசில் அவரால் முடியும்போது நமக்கு என்ன கேடு என்று எழுந்தேன். எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். அவர் செய்ததில் பாதியை அன்றைக்கே செய்துவிட்டேன் என்று வையுங்களேன்.

மீதிப் பாதிக்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. கடைக்காரத் தம்பி, "எங்க சார் ஓட்டுவீங்க, மலைப் பக்கமா?" என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல ஏரிக்கரையும் பாலாற்றுப் பாலமும்தான் இருக்கின்றன. இருந்தாலும் கேட்ட மரியாதைக்காக, "எல்லா இடத்துலயும்தான்" என்றேன். 21 கியர் வைத்த சைக்கிளைத் தலையில் கட்டிவிட்டான்.

முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. பெருக்கினால் 21. இந்தக் கணக்கு சரியாக வந்ததில் பெருமையாக இருந்தது. ஆனால் முன்னால் இருக்கிற பெரிய சக்கரத்தோடு பின்னால் இருக்கிற பெரிய சக்கரத்தைக் கோக்கக் கூடாது, செயின் குறுக்கே இழுபட்டுத் தேயும், அதனால் 21-இல் பலது சும்மா கணக்குக்குத்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. செயின் அறுந்த பிறகு.

அடுத்தது காற்று. நம் ஊர் சைக்கிள் டியூப்பில் இருப்பது வால் டியூப். மெல்லிய ரப்பர்க்குழாய், தேய்ந்தால் சில்லறைக் காசில் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பங்சர் கடையிலும் நின்று அடிக்கும் பம்பு அதற்குப் பொருந்தும். என்னுடையதில் இருந்தது பிரெஸ்டா வால்வு. நுனியில் ஒரு குட்டித் திருகு, அதைத் தளர்த்திவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கடை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, ஊசி மாதிரி இருக்கு? இதுக்குக் காத்தடிக்கறதா, மருந்தடிக்கறதா?"

அவருக்கு விளக்குவதாக நினைத்து நான் வரலாற்றுக்குப் போனேன். காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை வாங்கிய டன்லப் அடிப்படையில் ஒரு கால்நடை மருத்துவர், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்தவர், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்து பார்த்தார் என்று சொல்லி முடித்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "அப்ப இத மாட்டாஸ்பத்திரிக்கே தள்ளிக்கினு போங்க சார்."

நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் போதும், சாதாரணப் பம்பும் பொருந்தும். அதை வாங்கினேன். எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே கூச்சமாக இருக்கும். இந்த மாதிரி சைக்கிளின் சீட்டு கட்டைவிரல் அகலம்தான். அதனால் பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான டவுசர் ஒன்றை ஓட்டுபவர் போட்டுக்கொள்ள வேண்டும். மெத்தையைச் சீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். அந்தக் கோலத்தில் கூட்டு ரோடு டீக்கடையில் போய் நின்றபோது, எப்போதும் எனக்கு இடம்விட்டு நகரும் பெஞ்சில் ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் எழுந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்தது.

இனி மாமல்லபுரப் பயணம். ஜி.எஸ்.டி. ரோடு ஏறி மாமண்டூர், பாலாறு, செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம், அப்புறம் கடல். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பகல் ஒரு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்கலாம் என்பது திட்டம். காற்று வாங்கினேன். கடற்கரைக்குப் போகும் முன்னாலேயே, வழி முழுக்க, எதிரே வாங்கினேன்.

மாமண்டூரில் வெளியூர் பஸ் ஒன்று சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. நானும் நின்றேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, சாப்பிட்டு, ஏறி, அதுவும் போய்விட்டது. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், "எந்த வண்டி சார் விட்டுட்டீங்க?" என்று விசாரித்தார்.

திருக்கழுக்குன்றத்தில் மலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து சோறு வாங்கிக்கொண்டு போகும் என்று பேர் பெற்ற மலை அது. அந்தக் கழுகுகளாவது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கிளம்பியிருக்கும்.

பல்லவர் சிற்பத்தைப் பார்க்கிற வெளிச்சத்தில் போய்ச் சேரவில்லை. விளக்கு இல்லை. மின்னுகிற சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கியிருந்தேன், பத்திரமாக வீட்டில் இருந்தது. ஆகவே முதலமைச்சர் போன ஊரிலிருந்து நானும் சைக்கிளும் ஒரு குட்டி யானையில் ஏறித் திரும்பினோம். அதில் ஏற்கெனவே காலி மீன் பெட்டிகள் இருந்தன. டிரைவர் தம்பி எனக்கு முன்சீட்டைக் கொடுக்காமல் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்.

கடலோரத்தில் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று பிறகு ஒரு தம்பி சொல்லிக் கொடுத்தான். ராத்திரி நிலம் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. பகலில் நிலம் சூடேறியதும் அது திரும்பிக் கடலிலிருந்து நிலத்துக்கு. காலையில் கிழக்கே போய் மத்தியானத்துக்கு மேல் மேற்கே திரும்பினால் இரண்டு வேளையும் காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். அந்தத் தம்பி பிரெவே என்கிற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் போகிறவன். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், பரிசு கிடையாது, யார் முதல் என்ற கணக்கும் கிடையாது. இதில் தேர்ந்தவர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை பாரிஸுக்குப் போய் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் ஓட்டுவார்களாம். "நீங்க எவ்ளோ சார் ஓட்டுவீங்க?" என்றான். "தூரம் முக்கியமில்லப்பா" என்றேன். அவனும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டான்.

ஓட்டத்தில் தோற்றவனுக்கு இயக்கம் இருக்கிறது. ஜூன் 3 உலக சைக்கிள் தினம், 2018-இல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு ஒரு விழிப்புணர்வுப் பேரணி என்று நோட்டீஸ் அடித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பி அடித்த நோட்டீஸ். பள்ளிக்கூடம் லீவு. வந்தவர்கள் என் சிநேகிதர்கள் சிலர், அத்தனை பேரும் பைக்கில். பேனரைப் பிடித்தவர் புல்லட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து பிடித்தார். "மாசில்லாப் போக்குவரத்து" என்ற எழுத்து புகையில் சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் குறைபட்டார்.

அந்த நாளுக்கே ஒரு ராசி உண்டு போலிருக்கிறது. அட்லஸ் சைக்கிள் கம்பெனி சாஹிபாபாத்தில் இருந்த தன் ஆலையை மூடியது 2020-இல் இதே ஜூன் 3 அன்று. நான் என் பங்குக்குப் பேரணியைப் பள்ளி திறந்த பிறகு என்று ஒத்திவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒத்திவைத்த பேரணிக்குக் கூட்டம் வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள், எல்லோரிடமும் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், சில வருடங்களில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்துவிட்டது. தினமும் சைக்கிளில் வந்து போகிற அந்தப் பிள்ளைகளைப் புங்கமரத்தடியில் நிறுத்திவைத்து, சைக்கிள் ஓட்டினால் என்ன நன்மை என்று பேச ஆரம்பித்தேன்.

நெதர்லாந்துக்குப் போனேன். அங்கேயும் ஒரு காலத்தில் கார் வெறி பிடித்து ஆட்டியது, 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள், பெற்றோர் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள், எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, இன்றைய சைக்கிள் பாதைகள் அப்படித்தான் வந்தன என்றேன். அங்கிருந்து நேராகப் புதுக்கோட்டை. 1991-இல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது, ஆயிரம் ஆயிரமாகக் கிராமத்துப் பெண்கள் கற்றார்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள், பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பார்த்து எழுதினார் என்று அடித்து விட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கியது. "சார், சாயங்காலம் நாங்க ஜி.எஸ்.டி. ரோடைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும். யு டர்ன் வரைக்கும் போய்ட்டு வந்தா ரொம்ப நேரம் ஆவுது. ராங் சைடுல வந்தா லாரி வருது. எப்படி சார் போறது?"

நெதர்லாந்து தெரிந்த எனக்கு இந்த ரோடு தெரியவில்லை. "மனு கொடுப்போம்மா" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது, நேரமாகிவிட்டதாம்.

மனு எழுதுவது நமக்குக் கைவந்த கலை என்று நினைத்தேன். சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே நிறைவேற்றியிருந்தது. நடக்கிறவரும் சைக்கிள்காரரும் முதலில், மற்ற வண்டிகள் பிறகு என்கிற கொள்கை. அதை ஒட்டி ஒரு நண்பர் சென்னையில் எழுதிய மனுவை வாங்கி, ஊர்ப் பெயரை மாற்றி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, "படாளத்துல மேயர் யாருங்க?" என்றார். எங்கள் ஊர் ஊராட்சி. "மாண்புமிகு மேயர் அவர்களுக்கு" என்ற முதல் வரியை மாற்ற மறந்திருந்தேன்.

அவர் நல்லவர். உட்காரவைத்து விளக்கினார். பெரிய ரோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, வேடந்தாங்கல் பக்கம் திரும்பினால் மாநில நெடுஞ்சாலைத் துறை, தெருவுக்குள் வந்தால் ஊராட்சி. அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் சைக்கிளில் தாண்ட வேண்டிய இடத்துக்கு மூன்று மனு வேண்டும். சரி என்று எழுந்தவனை, "வண்டி எங்க விட்டிருக்கீங்க, சைக்கிள் ஸ்டாண்டுலயா?" என்று கேட்டார். பைக் சாவியை அவர் பார்ப்பதற்குள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இதில் வீட்டம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவள் பிறந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம், அதாவது புதுக்கோட்டை ஜில்லா. அறிவொளி வந்தபோது பன்னிரண்டு வயசுப் பெண். பேரணியில் என் பேச்சை ஓரமாக நின்று முழுக்கக் கேட்டிருக்கிறாள். ராத்திரி சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா எங்க ஊர்ல யாரும் இப்படி மைக் புடிச்சு நன்மை தீமை சொல்லல. சைக்கிளைக் குடுத்து ஏறுன்னாங்க. கல்லு உடைக்கிற அக்காங்ககூடக் கத்துக்கிட்டாங்க. பின்னாடி ஒருத்தர் புடிச்சுக்கிட்டே ஓடி வருவாங்க, அவ்வளவுதான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்குச் சைக்கிள் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. பெண்களும் சைக்கிளும் என்ற தலைப்பில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் என் சைக்கிளைப் பங்சர் கடை அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தது வேறு சைக்கிள். கட்டைவிரல் சீட்டு போய் ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு, முன்னால் கூடை, இரட்டைக் கால் ஸ்டாண்டு, மட்கார்டு, ரிம்மில் துளையைப் பெரிதாக்கி நம் ஊர் வால் டியூப். பின்னால் க்ளாம்ப் போட்டு முறுக்கிய ஒரு கனத்த கேரியர், அரிசி மூட்டைக்கே தாங்கும் என்று அண்ணன் உத்தரவாதம் கொடுத்தாராம். கியரை நடுவில் ஒன்றில் நிறுத்திவிட்டாள். மீதி இருபதும் லீவில் இருக்கின்றன.

ரேஷன் கடை, மாவு மில், எல்லாம் இப்போது அதில்தான். அந்தப் பெண் கேட்ட ரோடு விஷயத்துக்காக ஊரில் நாலைந்து அம்மாக்களைக் கூட்டியிருக்கிறாள், மூன்று மனுவையும் அவர்களே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். மேயர் என்ற சொல் எங்கேயாவது இருந்தால் அடித்துவிட வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குப் பைக்கில் போனால் நன்றாக இருக்காது என்று அவள்தான் சொன்னாள். அதனால் கேரியரில் உட்கார்ந்து போகிறேன். டபுள்ஸ் போனால் போலீஸ் பிடித்து ஃபைன் போடும் காலமெல்லாம் மலையேறிவிட்டது. இருந்தாலும் கூட்டம் நடக்கிற தெருவுக்கு முந்தைய திருப்பத்திலேயே இறங்கிக்கொள்கிறேன். ஆர்வலர் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறதல்லவா.