அட்டை போதுமா?

கேள்வி: எங்கள் சிப்காட் கம்பெனி அடையாள அட்டையிலேயே ரத்த வகை அச்சாகியிருக்கிறதே, அவசரத்துக்கு அதைப் பார்த்து ரத்தம் ஏற்றினால் என்ன?
– வாசகர், பிள்ளைப்பாக்கம்

பதில்: அட்டை கம்பெனி கேட்டைத் திறக்கும், ரத்தக் குழாயைத் திறக்க அது போதாது! 1952-ல் மும்பையில் மருத்துவர் பெண்டே குழுவினர் கண்டறிந்த ‘பாம்பே’ வகை, மேலோட்டமான சோதனையில் ‘ஓ’ என்றே காட்டும். ஆனால், அந்த வகையினருக்கு ஓ ரத்தமே ஆகாது. அதற்குத்தான் கொடுப்பவர், பெறுபவர் இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் ‘கிராஸ் மேட்சிங்’. வகை மாறினால் சில மில்லியே சிறுநீரகத்தைச் சாய்த்துவிடலாம். எவ்வளவு ஏறியது, எத்தனை வேகத்தில் ஏறியது, நோயாளியின் எதிர்ப்பொருள் எவ்வளவு வீரியமானது என்பதையெல்லாம் பொறுத்தது பாதிப்பு. அந்த எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம் என்பதால், முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் பிள்ளை பெற்றவர்களும் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். உடனிருப்பவர்கள், ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நோயாளியின் பக்கத்திலேயே இருங்கள். நடுக்கம், இடுப்புவலி என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.